பரண்மேல் கிடக்கும் சரித்திரம்

வருஷந்தோறும் மார்கழிக் கடைசியில் நம்முடைய வீடுகளில் ஒரு பெரிய சம்ஹாரம் நடைபெறுகிறது. போகிப் பண்டிகைக்கு முன்னால் பரணிலிருந்து தகரப் பெட்டி இறங்குகிறது. பெட்டிக்குள் இருக்கும் பித்தளைச் செம்புக்கு மரியாதை உண்டு. ஓட்டைக் குடைக்குக்கூட, "கம்பியாவது உதவுமே" என்று பரிந்து பேச யாராவது ஒருவர் இருப்பார். காகிதக் கட்டுக்குத்தான் நாதி கிடையாது. "யாரோ யாருக்கோ எழுதின கடிதாசி, கரையான் தின்று பாக்கி வைத்தது" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பாகிவிடும். பிறகு விடியற்காலை நெருப்பு. அல்லது அதற்கு முன்பே பழைய காகிதக்காரரின் தராசு. ஒரு குடும்பத்தின் நூறு வருஷத்து வாழ்வு கிலோ என்ன விலைக்குப் போயிற்று என்பதை அந்தத் தராசுதான் அறியும்.

நாம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதிப்பவர்கள். அசோகருடைய பாட்டனார் யார் என்று கேட்டால் நம் மாணாக்கர்கள் தயங்காமல் விடை சொல்லுவார்கள். "உன் பாட்டனாருடைய தகப்பனார் பெயர் என்ன?" என்று கேட்டால், பாதிப் பேர் எழுந்திருப்பார்கள். "அவருடைய சம்சாரத்தின் பெயர்?" என்றாலோ வகுப்பு முழுவதும் உட்கார்ந்துவிடும். பிள்ளைகள்மேல் குற்றம் இல்லை. வீட்டில் சொன்னால் அல்லவா அவர்களுக்குத் தெரியும்? வீட்டில் இருப்பவர்களுக்கோ, தெரிந்துகொள்வதற்கு ஒரே சாதனமாக இருந்தது அந்தத் தகரப் பெட்டிதான்.

"அதெல்லாம் பெரிய மனிதர்கள் வீட்டுச் சமாசாரம், நம் வீட்டுக் கடிதாசியில் என்ன சரித்திரம் இருக்கப் போகிறது?" என்று நேயர்கள் கேட்கலாம். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் கதையை இதற்குப் பதிலாகச் சொல்லலாம். 1709-இல் பிறந்த அவர், பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக உத்தியோகம் பார்த்தவர். 1736-ஆம் வருஷம் செப்டம்பர் 6-ஆம் தேதி தொடங்கி, 1761-இல் காலமாகும் வரையில், ஏறக்குறைய 25 வருஷ காலம் தினசரி எழுதிவந்தார். கப்பல் வந்ததும் போனதும், துய்ப்ளேக்ஸ் துரை சொன்னதும் சிரித்ததும், கடைத்தெரு வதந்தியும், வீட்டு விசேஷமும் எல்லாம் அதில் உண்டு. பண்டிதத் தமிழ் அல்ல, பேச்சுத் தமிழ். அவர் காலமான நாலாம் நாள், ஜனவரி 16-ஆம் தேதி, புதுச்சேரியே ஆங்கிலேயர் வசமாயிற்று.

அதற்குப் பிறகு 85 வருஷம் அந்தத் தினசரி என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. குடும்பத்தாரிடம் சும்மா இருந்தது. 1846-இல் கலுவா மோம்ப்ருன் என்ற பிரெஞ்சு உத்தியோகஸ்தர் அதைக் கண்டெடுத்துப் பிரதி செய்தார். பின்னர் சென்னைச் சர்க்கார் 1904 முதல் 1928 வரையில் 12 பாகங்களாக ஆங்கிலத்தில் அதை வெளியிட்டனர். இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னாட்டைப் பற்றி எழுதுகிறவர் எவரும் ரங்கப் பிள்ளையின் வாசற்படியை மிதிக்காமல் போக முடியாது. நடுவே சில பகுதிகள் மறைந்தும்விட்டன. அந்த 85 வருஷத்தில், "பாட்டனார் கிறுக்கி வைத்த குப்பை" என்று எவரேனும் ஒரு மருமகப்பிள்ளை தீர்மானித்திருந்தால், மிச்சமும் போயிருக்கும். காப்பாற்றியவர்கள் செய்த காரியம் மிகவும் சிறியது. அவர்கள் எரிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, எரிக்காமல் வைத்தாகிவிட்டது. எப்படிப் படிப்பது?

முதல் தொல்லை காலம். நம் முன்னோர்களுக்குக் கிறிஸ்து சகாப்தத்தில் அவ்வளவு பிரியம் இல்லை. "விபவ வருஷம் ஐப்பசி மாதம்" என்று எழுதிவிட்டு நிம்மதியாய் இருந்துவிடுவார்கள். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை விபவ வருஷம் திரும்பி வருமே! 1868-உம் விபவ, 1928-உம் விபவ, 1988-உம் விபவ. எதை எடுத்துக்கொள்வது? இங்கேதான் துப்பறியும் வேலை ஆரம்பமாகிறது. கையிலிருப்பது தபால் கார்டு என்றால் 1868 அடிபட்டுப் போகிறது. நம் நாட்டில் கார்டு காலணா விலைக்கு விற்பனைக்கு வந்ததே 1879 ஜூலை முதல் தேதிதான். கார்டின் மூலையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருடைய தலை இருக்கிறதா? அப்படியானால் 1928 என்று தைரியமாய்க் குறித்துக்கொள்ளலாம்.

இம்மாதிரி அடையாளங்கள் இன்னும் பல உண்டு. விக்டோரியா மகாராணியின் ஆட்சி 1901-உடனும், ஏழாம் எட்வர்டின் ஆட்சி 1910-உடனும், ஐந்தாம் ஜார்ஜின் ஆட்சி 1936-உடனும் முடிந்தன. இன்லண்டு கடிதம் 1950-இல் பிறந்தது. அணா போய் நயா பைசா வந்தது 1957-இல். விலாசத்தில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிற்பட்டது. நிலம் நீச்சு சம்பந்தமான காகிதங்களில் பசலி வருஷம் போட்டிருக்கும். அதனுடன் 590 கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் கிடைக்கும். பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரையில். திருநெல்வேலிச் சீமைக் காகிதமானால் கொல்லம் ஆண்டு இருக்கலாம். கொல்லம் 1100 என்பது 1924-25.

ரங்கப் பிள்ளை காலத்துக்கே போகிறவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. 1746-இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்த தேதி, பிரெஞ்சுக் கணக்குப்படி செப்டம்பர் 21. ஆங்கிலேயர் கணக்குப்படி செப்டம்பர் 10. ஆங்கிலேயர் 1752 வரையில் பழைய பஞ்சாங்கத்தையே கட்டிக்கொண்டு அழுததனால் வந்த வித்தியாசம் இது. ஒரே நாளுக்கு இரண்டு தேதி இருப்பதைப் பார்த்து, இரண்டு சம்பவம் என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது தொல்லை எழுத்து. பழைய கையெழுத்தில் மெய்யெழுத்தின் தலைமேல் புள்ளி இராது. 'கெ'க்கும் 'கே'க்கும் வித்தியாசம் இராது. 'மேற்படி' என்பதற்கு ௸ என்றும், மாதத்துக்கு ௴ என்றும், வருஷத்துக்கு ௵ என்றும் ஒரு சுழி சுழித்துவிட்டுப் போயிருப்பார்கள். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பள்ளிக்கூடம் போனவர்களுக்கு, யானைத் துதிக்கை போட்ட 'லை'யும் 'னை'யும்கூடப் புதிராயிருக்கின்றன. இந்த எழுத்துக்களைத் தட்டுத் தடங்கலில்லாமல் வாசிக்கக்கூடியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்தான். அவர்களோ வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறார்கள். கடிதம் இன்னும் பத்து வருஷம் பெட்டியில் காத்திருக்கும். வாசித்துக் காட்டக்கூடியவர் காத்திருப்பார் என்பது என்ன நிச்சயம்?

எழுத்தைப் படித்தான பிறகு, எழுதாததைப் படிக்க வேண்டும். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. "இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விட க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று தொடங்காத கடிதமே அந்தக் காலத்தில் கிடையாது. வீட்டில் மூன்று பேர் ஜுரமாய்க் கிடந்தாலும் யாவரும் க்ஷேமந்தான்! விஷயம் கடைசி மூலையில், இடமில்லாமல் குறுக்கே எழுதிய இரண்டு வரியில் இருக்கும். சாவுச் செய்தி கொண்டுவந்த கடிதமோ அநேகமாய்க் கட்டிலேயே இராது. மூலையில் கறுப்புத் தடவி வந்த கார்டை வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்து எறிவதுதான் வழக்கம். வீட்டுக்குள் அதை வைத்துக்கொள்ள மாட்டார்கள். மஞ்சள் தடவின கல்யாணப் பத்திரிகை பத்திரமாயிருக்கும். ஆகவே கடிதக் கட்டை மட்டும் நம்பி வம்சாவளி எழுதப் புகுந்தால், நம் குலத்தில் எல்லோரும் கல்யாணம் செய்துகொண்டார்கள், ஒருவரும் இறந்துபோகவில்லை என்று ஏற்படும்! திதி விவரங்களைப் பழைய பஞ்சாங்கத்தின் ஓரங்களிலும், கணக்கு நோட்டில் 'சிராத்தச் செலவு' என்ற பத்தியிலும் தேட வேண்டும்.

இவ்வளவும் தந்திரங்கள். இவற்றால் என்ன பிரயோஜனம் என்பதற்கு நம் சகோதர உபாத்தியாயர் ஒருவர் வீட்டில் நேர்ந்ததைச் சொல்லுகிறோம். காவிரிப் பாசனத்துக் கிராமம் ஒன்று அவர்களுக்குப் பூர்வீகம். பெயர் விவரம் வேண்டாம்.

அவர்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாய் ஒரு பெருமை உண்டு. கொள்ளுப்பாட்டனார் 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு வேதாரண்யத்தில் அடிபட்டார், சிறை சென்றார் என்பது அது. ராஜாஜி ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் புறப்பட்டு, 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30-ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதானதும், அதையொட்டி அந்தப் பிரதேசம் முழுதும் எழுந்த கிளர்ச்சியும் நாட்டுச் சரித்திரம். அந்தச் சரித்திரத்தில் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எண்ணுவது எந்தக் குடும்பத்துக்கும் இனிப்பான விஷயமே. வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூட மேடையிலும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டைப் புதுப்பிக்கும்போது பரணிலிருந்து ஒரு வளைந்த கம்பி இறங்கியது. அதில் குத்தி வைத்த மணியார்டர் துண்டுகளும் கடிதங்களும் இருந்தன. கொள்ளுப்பாட்டனார் ரங்கூனில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பி, துண்டில் இரண்டு வரியும் எழுதியிருக்கிறார். நண்பர் அவற்றைத் தேதிவாரியாய் அடுக்கினார். 1930 ஏப்ரல், மே, ஜூன், ஜூலை: நாலு மாதமும் ரங்கூன் முத்திரை, அவர் கையெழுத்து. கடல் கடந்து பல நாள் பிரயாண தூரத்தில் மண்டியில் உட்கார்ந்திருந்தவர் வேதாரண்யத்தில் எப்படி அடிபட முடியும்?

நண்பருக்கு முகம் வாடிவிட்டது. மற்றவர்களானால் கம்பியை அப்படியே பரணுக்கு ஏற்றியிருப்பார்கள். அவர் மேலே படித்தார். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மே மாதம் வரையில் 15 ரூபாய் வந்துகொண்டிருந்தது. ஜூனிலிருந்து 22 ரூபாய் வருகிறது. அந்த 7 ரூபாய் எதற்கு? ஜூலைத் துண்டு விடை சொல்லிற்று. தம்பி விடுதலையாகி வருகிற வரையில் அந்த 7 ரூபாயைத் தம்பி மனைவியின் கையில் தனியாகக் கொடுத்துவிட வேண்டும் என்றும், அவள் வாய் திறந்து கேட்கமாட்டாள் என்றும் சம்சாரத்துக்கு எழுதியிருக்கிறார். அதே கம்பியில் அடியில் இருந்த இன்னொரு கடிதத்தின்மேல், சிறை அதிகாரி படித்துப் பார்த்து அனுமதித்த முத்திரை இருந்தது. அனுப்பியவர் தம்பி, திருச்சிச் சிறையிலிருந்து எழுதியது. ரங்கூனிலிருந்து ஒன்று, திருச்சியிலிருந்து ஒன்று. ஒன்றையொன்று பார்க்காத இரண்டு காகிதங்கள் ஒரே வார்த்தையைச் சொல்லின. ஒரு காகிதம் மட்டும் சொன்னால் அது சேதி. இரண்டு தனித்தனியே சொன்னால்தான் சாட்சியம்.

அடிபட்டவரும் சிறை சென்றவரும் தம்பி. அவருக்குக் குழந்தைகள் இல்லை. சந்ததி இல்லாதவருடைய கதையைச் சொல்ல யாரும் இல்லாதபடியால், அந்தக் கதை மெல்ல மெல்ல நகர்ந்து, சந்ததியுள்ள அண்ணன் பேரில் போய் ஒட்டிக்கொண்டது. யாரும் பொய் சொல்லவில்லை. 'தாத்தா ஜெயிலுக்குப் போனார்' என்று ஒருவர் சொன்னதில், எந்தத் தாத்தா என்பது இரண்டு தலைமுறையில் தேய்ந்துபோயிற்று. அவ்வளவுதான்.

நண்பருடைய அத்தைக்கு எண்பது வயது இருக்கும். முதலில் அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது. "ஊரெல்லாம் சொன்னதை இல்லை என்று சொல்லிக் குடும்ப மானத்தை வாங்கப் போகிறாயா?" என்றார்களாம். நண்பர் வாதாடவில்லை. "திண்ணையில் வேறு யாராவது தாத்தா இருந்தாரா, அத்தை?" என்று மாத்திரம் கேட்டார். அத்தை வெகு நேரம் பேசாதிருந்தார்கள். பிறகு, ராட்டை சுற்றிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்த சின்னத் தாத்தா ஒருவர் இருந்ததும், அவர் பஞ்சுத் துணுக்கால் பொம்மை செய்து கொடுத்ததும் ஞாபகத்துக்கு வந்தன. கால் ஏன் அப்படி ஆயிற்று என்று குழந்தையாயிருந்தபோது யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எழுபது வருஷத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியின் விடையை ஒரு மணியார்டர் துண்டு அழைத்துவந்தது. அந்தச் சின்னத் தாத்தாவுக்கு வீட்டில் ஒரு படம் இல்லை. திதி கொடுப்பார் இல்லை. அவர் மனைவியின் பெயர் அந்தக் கட்டு முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது.

அண்ணனுடைய பெருமை இதனால் குறைந்ததா? நமக்குத் தோன்றவில்லை. தேசத்துக்காகத் தம்பி சிறையில் இருந்தபோது, பரதேசத்தில் கணக்கு எழுதி இரண்டு அடுப்பு எரியப் பணம் அனுப்பினாரே, அதுவும் ஒரு தொண்டுதான். அம்மாதிரித் தொண்டு செய்தவர்களுக்குத் தாமிரப் பட்டயம் கிடையாது. தபால் துண்டுதான் உண்டு.

இன்னொருவரையும் மறக்கலாகாது. ரங்கூனுக்கு ஊரிலிருந்து போன கடிதங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு போட்டபோது, ரங்கூனிலிருந்த நம்மவர்கள் லக்ஷக்கணக்கில் புறப்பட்டுக் கப்பலிலும் கால்நடையிலும் வந்தார்கள். உயிரைத் தூக்கி வந்தவர்கள் கடிதக் கட்டைத் தூக்கி வருவார்களா? ஆகவே கொள்ளுப்பாட்டி எழுதியதும் எழுதுவித்ததும் போய்விட்டன. ஆனாலும் அந்த அம்மாளுடைய குரல் கேட்கிறது. எப்படியென்றால், கணவர் எழுதிய பதிலில் கேட்கிறது. பெரிய பெண்ணை ஐந்தாம் வகுப்போடு நிறுத்த வேண்டாம் என்று நீ எழுதியது சரியே என்று ஒரு துண்டு. கீழ்வயலை ஈடு வைக்க வேண்டாம் என்ற உன் யோசனைப்படியே செய்வோம் என்று மற்றொன்று. அந்த வீட்டில் யோசனை யாருடையது, கையெழுத்து யாருடையது என்பது இப்போது விளங்குகிறது அல்லவா? பழைய காகிதங்களில் ஸ்திரீகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறார்கள். பிறருடைய பதிலில் அவர்களைத் தேட வேண்டும்.

நண்பர் இப்போது குடும்பக் குறிப்பேடு ஒன்று எழுதி வைத்திருக்கிறார். பரம்பரையாய்ச் சொல்லிவந்த கதையை, சொன்னவர் பெயருடன் ஒரு பக்கத்திலும், காகிதங்கள் சொல்லுவதைத் தேதியுடன் எதிர்ப்பக்கத்திலும் எழுதியிருக்கிறார். ஒன்றை அழித்து மற்றொன்றை எழுதவில்லை. கதை பிறந்ததும் அந்தக் குடும்பத்தின் சரித்திரமே என்பது அவர் அபிப்பிராயம். நமக்கும் அதுவே சரியென்று படுகிறது.

எல்லாக் கட்டிலும் இப்படி நல்ல சேதியே இருக்கும் என்று நாம் உறுதி கூறவில்லை. கடன் இருக்கும், பங்காளிச் சண்டை இருக்கும், மறைத்து வைத்த இரண்டாம் சம்சாரமும் இருக்கலாம். அவற்றைத் தெருவில் படிக்க வேண்டும் என்பதில்லை. உயிரோடிருப்பவர் மனம் நோகக்கூடிய கடிதத்தை உறையிலிட்டு, இன்னார் காலத்துக்குப் பிறகு பிரிக்கவும் என்று எழுதிக் கட்டி வையுங்கள். எரிக்க மட்டும் வேண்டாம். நம்முடைய வெட்கம் ஒரு தலைமுறையில் தீர்ந்துவிடும். எரிந்த காகிதம் எத்தனை தலைமுறை ஆனாலும் திரும்பி வராது.

பெட்டியைத் திறக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை. கட்டு இருந்த வரிசையைக் கலைக்குமுன் அந்த வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். எது எதோடு சேர்ந்திருந்தது என்பதே ஒரு தகவல். துருப்பிடித்த குண்டூசியையும் கம்பியையும் பதமாய் எடுத்துவிடுங்கள். ஒட்டும் நாடாவும் பிளாஸ்டிக் உறை உருக்கி ஒட்டும் வேலையும் காகிதத்துக்கு யமன். இன்று எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிற கைபேசியால், முன்னும் பின்னும் உறையுமாய்ப் படம் எடுத்து, இரண்டு மூன்று வீட்டில் வைத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்துத் தெரிந்த பெரியவரை நடுவில் உட்காரவைத்து, அவர் வாசிக்க, குழந்தைகள் எழுதிக்கொள்ளட்டும். வாசிக்கும்போது அவர் நடுவே நிறுத்தி, "இவர் யார் தெரியுமா?" என்று ஆரம்பிப்பாரே, அதையும் விடாமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அது எந்தக் கடிதத்திலும் இல்லாதது.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னத் தாத்தா இருக்கிறார். ஒரே ஓர் இடத்தில் பெயர் வருகிற ஒரு பாட்டி இருக்கிறாள். அவர்களுக்காகப் பேசுவதற்கு உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏணியை எடுத்துப் பரணில் சாத்துங்கள்.